ஜெர்மனியில் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் முதுகலை: சிஜிபிஏவை விட சிலபஸ் முக்கியம்

முதல் வருடம் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். நான்கிலிருந்து மறுப்புக் கடிதம் வந்தது, ஐந்தாவது பதிலே போடவில்லை. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸில் 8.1 சிஜிபிஏ, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7, சென்னை ஓஎம்ஆரில் இரண்டு வருட ஐடி வேலை. ‘உங்க புரொஃபைலுக்குக் கண்ணை மூடிக்கிட்டுக் கிடைக்கும் தம்பி’ என்று கன்சல்டன்ட் சொல்லி, அதற்கு நாற்பதாயிரம் வாங்கியிருந்தார். மறுப்புக் கடிதங்களில் மூன்று ஒரே காரணத்தைச் சொல்லின: வணிகப் பாடங்களில் கிரெடிட் போதவில்லை. என் மார்க்கை அவர்கள் பார்க்கும் கட்டத்துக்கே நான் போகவில்லை.

அடுத்த வருடம் கன்சல்டன்ட் இல்லாமல் நானே செய்தேன், இரண்டு இடத்தில் கிடைத்தது. நடுவில் என் மார்க் ஒன்றும் மாறிவிடவில்லை, நான் போட்ட கணக்குதான் மாறியது. அந்தக் கணக்கையும், வழியில் இடறிய மற்ற இடங்களையும் வரிசையாக எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் பட்டம் முடித்துவிட்டு, ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில வழியில் முதுகலை படிக்க நினைப்பவர்களுக்கானது இது.

1. படிப்பின் பெயரைப் புரிந்துகொள்ளுங்கள்

ஜெர்மனியில் இந்தத் துறைக்கு ‘விர்ட்ஷாஃப்ட்ஸ்இன்ஃபர்மாட்டிக்’ என்று பெயர். விர்ட்ஷாஃப்ட் என்றால் பொருளாதாரம், வணிகம். இன்ஃபர்மாட்டிக் என்றால் கணினியியல். இரண்டும் சரிபாதி கலந்த தனித் துறை இது. ஆங்கிலத்தில் இதையே ஓரிடத்தில் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் என்பார்கள், இன்னோரிடத்தில் பிசினஸ் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்பார்கள். மியூன்ஸ்டரில் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ், மன்ஹைமில் பிசினஸ் இன்ஃபர்மேட்டிக்ஸ், பாம்பெர்க்கில் இன்டர்நேஷனல் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட், எர்லாங்கன்-நியூரென்பெர்க்கில் இன்டர்நேஷனல் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ். தேடும்போது ஒரே பெயரைப் போட்டுத் தேடினால் பாதிப் படிப்புகள் கண்ணில் படாது. டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் இந்த மூன்று நான்கு பெயர்களையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள்.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. கன்சல்டன்சிகள் காட்டும் பட்டியலில் ‘டிஜிட்டல் பிசினஸ்’, ‘ஐடி மேனேஜ்மென்ட்’ என்று மினுக்கும் பெயர்களில் தனியார் கல்லூரிகள் நிறைய இருக்கும். அங்கே வருடத்துக்குப் பத்துப் பதினைந்து லட்சம் ஃபீஸ். அதில் சேர்த்துவிட்டால் கன்சல்டன்ட்டுக்குக் கமிஷன் உண்டு, அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தால் கிடையாது. அவ்வளவுதான் சங்கதி.

2. சிலபஸை எடுத்துவைத்து கிரெடிட் கணக்குப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஜெர்மன் பல்கலைக்கழகம் முதலில் பார்ப்பது, நீங்கள் முடித்த பட்டம் அவர்களுடைய இளங்கலைப் படிப்போடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை. அதை இசிடிஎஸ் என்ற ஐரோப்பிய கிரெடிட்டில் அளப்பார்கள். கணினியியலில் இத்தனை, வணிக நிர்வாகத்தில் இத்தனை, கணிதமும் புள்ளியியலும் சேர்த்து இத்தனை, விர்ட்ஷாஃப்ட்ஸ்இன்ஃபர்மாட்டிக்கில் இத்தனை என்று ஒவ்வொரு படிப்புக்கும் குறைந்தபட்சம் வைத்திருப்பார்கள். வணிகத்தில் 15 கேட்கும் இடமும் உண்டு, 30 கேட்கும் இடமும் உண்டு. படிப்பின் அறிமுகப் பக்கத்தில் ‘கணினி அல்லது தொடர்புடைய துறையில் பட்டம்’ என்று பொதுவாகத்தான் எழுதியிருக்கும். உண்மையான எண்கள் சேர்க்கை விதிமுறை என்ற பிடிஎஃப்பில் இருக்கும், அதுவும் பெரும்பாலும் ஜெர்மனில். மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டாவது அதைத் தேடிப் படியுங்கள். நான் முதல் வருடம் அப்படி ஒரு பிடிஎஃப் இருப்பதே தெரியாமல் விண்ணப்பித்தவன்.

இனி நம் கிரெடிட்டை எப்படி மாற்றுவது? முழுநேர ஒரு வருடப் படிப்பு 60 இசிடிஎஸ். நான்கு வருட பி.இ. என்றால் பொதுவாக 240 என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பட்டத்தின் மொத்த கிரெடிட் 160 என்று வையுங்கள். 240-ஐ 160-ஆல் வகுத்தால் 1.5. ஆக நம் ஊர் 3 கிரெடிட் பாடம் அங்கே 4.5 இசிடிஎஸ். சிலர் வகுப்பு மணியை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்: 45 மணி நேரம், ஒரு இசிடிஎஸ்ஸுக்கு 30 மணி, ஆகவே 1.5 என்று. அது தப்பு. இசிடிஎஸ்ஸில் வீட்டில் படிப்பது, அசைன்மென்ட் செய்வது, தேர்வுக்குத் தயாராவது எல்லாமே சேர்த்தி. அப்படிக் கணக்குப் போட்டால் உங்கள் பட்டத்தை நீங்களே மூன்றில் ஒன்றாகக் குறைத்துக்கொள்கிறீர்கள்.

என் விஷயத்தில் என்ன ஆனது என்று சொல்கிறேன். கணினியியல் தாராளமாக இருந்தது. கணிதத்தில் பொறியியல் கணிதம், டிஸ்க்ரீட் மேத்ஸ், புராபபிலிட்டி அண்ட் க்யூயிங் தியரி எல்லாம் சேர்ந்து தேவைக்கு மேலேயே வந்தது. வணிகத்தில் தேடினால் பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட் ஒன்று, டோட்டல் குவாலிட்டி மேனேஜ்மென்ட் (டிக்யூஎம்) ஒன்று. மொத்தம் 9 இசிடிஎஸ். புரொஃபஷனல் எத்திக்ஸையும் முதல் வருடம் அதில் சேர்த்திருந்தேன், அதை யாரும் வணிகமாக ஏற்கவில்லை.

இரண்டாவது வருடம் மூன்று காரியம் செய்தேன்.

முதலாவது, வணிகத்தில் 25, 30 கேட்ட இடங்களைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டேன். நல்ல பெயருள்ள இடங்கள்தான், மனசு கேட்கவில்லைதான். ஆனால் விதிமுறையில் எண் போட்டிருந்தால் அது எண்தான், அங்கே நம் வேலை அனுபவமோ கெஞ்சலோ எடுபடாது.

இரண்டாவது, ஒரு எக்செல் அட்டவணை தயாரித்தேன். ஒரு பாடத்துக்கு ஒரு வரி: பாடத்தின் பெயர், குறியீடு, எந்த செமஸ்டர், நம் கிரெடிட், இசிடிஎஸ், எந்தப் பிரிவு, சிலபஸ் பிடிஎஃப்பில் எத்தனையாவது பக்கம். டேட்டாபேஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம்ஸ் பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கணினியியலில் போட்டுவிடுவோம். ஆனால் என் கணினியியல் ஏற்கெனவே நிரம்பி வழிந்தது, விர்ட்ஷாஃப்ட்ஸ்இன்ஃபர்மாட்டிக் பிரிவுதான் காலியாகக் கிடந்தது. டேட்டா மாடலிங், நிறுவனத் தரவு என்று பாடத்தின் உள்ளடக்கம் அங்கேயும் பொருந்தியது, மாற்றினேன். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கும் டேட்டா வேர்ஹவுசிங்கும் அப்படியே போயின. ஒரே பாடத்தை இரண்டு பிரிவில் காட்டாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். உள்ளடக்கத்தில் இல்லாததையும் எழுதாதீர்கள். சிலபஸைத் திறந்து பார்க்கிறவர்கள் அவர்கள்.

மூன்றாவது, படிப்பின் ஆலோசகருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘என் புரொஃபைலுக்குக் கிடைக்குமா’ என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் ‘விண்ணப்பியுங்கள், பார்க்கிறோம்’ என்றுதான் வரும். ‘இன்ன பாடத்தை வணிகப் பிரிவில் ஏற்பீர்களா, சிலபஸ் இணைப்பில்’ என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். ஆறு பேருக்கு அனுப்பினேன், இரண்டு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒன்று இரண்டே வரி: டிக்யூஎம் ஏற்போம், எத்திக்ஸ் ஏற்க மாட்டோம். ஒரு விண்ணப்பத்தின் தலையெழுத்தே அந்த இரண்டு வரியில் தெரிந்துவிட்டது.

இன்னும் மூன்றாம் வருடத்தில் இருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. ஓப்பன் எலெக்டிவில் அக்கவுன்டிங், மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். என்பிடெல் பாடம் படித்தால், அதைக் கல்லூரி கிரெடிட்டாக ஏற்று மார்க்‌ஷீட்டில் ஏற்ற வழியிருக்கிறதா என்று கேளுங்கள். மார்க்‌ஷீட்டில் ஏறாத ஆன்லைன் சான்றிதழ்களைப் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. பட்டம் முடிந்த பிறகு நான் காசு கட்டி வாங்கிய நான்கு சான்றிதழ்கள் இன்னமும் என் டிரைவில் பத்திரமாகத் தூங்குகின்றன.

பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ், அதாவது டிசிஎஸ் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்த அந்தப் படிப்பை முடித்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. பொருளாதாரம், நிதி நிர்வாகம், மார்க்கெட்டிங், புள்ளியியல் என்று ஜெர்மன்காரர்கள் கேட்பதெல்லாம் அவர்கள் சிலபஸிலேயே இருக்கிறது. பி.காம்., பிபிஏ படித்தவர்களுக்குச் சிக்கல் நேர்மாறானது, வணிகம் நிறைய இருக்கும், கணினியும் கணிதமும் இடிக்கும். அதோடு மூன்று வருடப் பட்டம் என்றால் 180 இசிடிஎஸ் என்று ஏற்பார்களா என்பதை வெளிநாட்டுப் பட்டங்களின் மதிப்பைக் காட்டும் அனாபின் தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தையும் பட்டத்தையும் தேடிப் பார்த்து, அந்தந்த இடத்திலும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

3. ஜெர்மன் கிரேடு: ஒரு கடிதம் செய்யும் வித்தியாசம்

ஜெர்மனியில் 1 என்றால் மிகச் சிறப்பு, 4 என்றால் தப்பிப் பிழைத்த தேர்ச்சி. நம் மார்க்கை மாற்றும் முறைக்கு மாடிஃபைட் பவேரியன் ஃபார்முலா என்று பெயர். அதிகபட்ச மார்க்கிலிருந்து உங்கள் மார்க்கைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள்.

சிஜிபிஏ 7.5, அதிகபட்சம் 10, தேர்ச்சி 5 என்றால்: 2.5-ஐ 5-ஆல் வகுத்தால் 0.5, மூன்றால் பெருக்கினால் 1.5, ஒன்றைக் கூட்டினால் 2.5. பல படிப்புகள் 2.5-ஐத்தான் எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. அதே 7.5-க்குத் தேர்ச்சி 4 என்று உங்கள் பல்கலைக்கழக விதி சொன்னால் கிரேடு 2.25 ஆகிவிடும். ஆகவே குறைந்தபட்சத் தேர்ச்சி எவ்வளவு என்பது உங்கள் ஆவணத்தில் எங்காவது அச்சாகியிருக்க வேண்டும். மார்க்‌ஷீட்டின் பின்பக்கம் இருந்தால் அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து இணையுங்கள். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள்.

4. இனிஷியல் பஞ்சாயத்து

இது நம் ஊர்க்காரர்களுக்கென்றே இருக்கிற தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் ‘கார்த்திக் எஸ்’, டிகிரியில் ‘எஸ். கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் கிவன் நேம் கார்த்திக், சர்நேம் சுப்பிரமணியன். ஜெர்மன் அதிகாரியின் கண்ணுக்கு இது மூன்று ஆள். சிலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலி. விண்ணப்பப் படிவங்களோ அதைக் காலியாக விட அனுமதிக்காது.

விதி ஒன்றே ஒன்று: எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி. ஐஇஎல்டிஎஸ், ஏபிஎஸ் (ஆவணச் சரிபார்ப்புச் சான்றிதழ்), பல்கலைக்கழக விண்ணப்பம், பிளாக்டு அக்கவுன்ட் (செலவுப் பணத்தைப் பூட்டிவைக்கும் கணக்கு), காப்பீடு, விமான டிக்கெட், எதிலும் ஓர் எழுத்து மாறக் கூடாது. மார்க்‌ஷீட்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரியிடம் ஆங்கிலத்தில் ஓர் அஃபிடவிட் எழுதி வாங்கி, ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இணையுங்கள். முத்திரைத் தாளும் நோட்டரிக் கட்டணமும் சேர்த்து சில நூறு ரூபாய்தான். சர்நேம் காலியாக இருந்தால், வேறு எதையும் தொடங்கும் முன் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து இனிஷியலை விரித்து எழுதிவிடுவது நல்லது. நடுவில் செய்தால் பாஸ்போர்ட் எண்ணும் மாறி, ஏற்கெனவே கொடுத்த எல்லா இடத்திலும் திருத்தம் கேட்டு அலைய வேண்டும்.

5. டிரான்ஸ்கிரிப்ட், அப்புறம் ஏபிஎஸ்

டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு ஏழு வாரம் ஆனது. வந்ததில் அப்பா பெயரில் ஓர் எழுத்து பிழை, அதைத் திருத்த இன்னொரு பதினெட்டு நாள். கவுன்டரில் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று, ஒவ்வொரு வரியையும் மார்க்‌ஷீட்டோடு ஒப்பிட்டுவிட்டு நகருங்கள். பின்னால் நிற்பவர்கள் முனகத்தான் செய்வார்கள், முனகட்டும்.

அடுத்தது ஏபிஎஸ். உங்கள் ஆவணங்கள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துத் தரும் சான்றிதழ் இது. இந்திய மாணவர்களின் விசாவுக்கு 2022 நவம்பர் 1 முதல் கட்டாயம், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் விண்ணப்பிக்கும்போதே கேட்கின்றன. கட்டணம் 18,000 ரூபாய். பாஸ்போர்ட், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட், டிகிரி அல்லது புரொவிஷனல் ஆகியவை அடிப்படை. ஆவணம் அனுப்பும் முறையை அவ்வப்போது மாற்றுகிறார்கள், அதனால் யூடியூப் வீடியோவைப் பார்த்துச் செய்யாமல் ஏபிஎஸ் இந்தியா தளத்தில் அன்றைக்கு என்ன போட்டிருக்கிறதோ அதன்படி செய்யுங்கள். அரியர் எழுதித் தேறிய செமஸ்டர் இருந்தால், தோற்ற மார்க்‌ஷீட், தேறிய மார்க்‌ஷீட் இரண்டையும் வையுங்கள். மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, விளக்கம் கேட்டால்தான் தாமதம்.

ஆவணம் சரியாக இருந்தால் ஒரு மாத அளவில் வரும். பிப்ரவரி, மார்ச்சில் எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள், அப்போது இழுக்கும். அக்டோபர், நவம்பரிலேயே போட்டுவிடுங்கள். ஒருமுறை வாங்கினால் காலாவதி கிடையாது, ஆகவே சீக்கிரம் வாங்குவதில் நஷ்டமில்லை.

6. மொழி

ஐஇஎல்டிஎஸ் 6.5 பெரும்பாலான இடங்களுக்குப் போதும். கட்டணம் பதினேழு, பதினெட்டாயிரத்தில் இருக்கும், மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். ஆங்கில வழியில் படித்தேன் என்று கல்லூரிக் கடிதம் கொடுத்தால் போதும் என்பார்கள். சில இடங்களில் ஏற்பார்கள், எல்லா இடத்திலும் இல்லை.

படிப்பு ஆங்கிலத்தில் என்றாலும் ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற அடிப்படை நிலை வரைக்குமாவது படித்துவிட்டு வாருங்கள். சென்னையில் நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவனில் நேரடி வகுப்பு உண்டு. இந்தத் துறையில் பகுதிநேர வேலை என்பது எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருள், புராசஸ் அனாலிசிஸ் என்று கம்பெனி ஆட்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலை. கோடிங் மட்டும் செய்கிறவருக்கு ஆங்கிலத்தை வைத்தே ஓட்ட முடிகிறது, நமக்கு அது கஷ்டம்.

7. விண்ணப்பம்

மூன்று வழி உண்டு. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் தளத்திலேயே நேரடியாக வாங்கும், மன்ஹைம் அப்படித்தான். சில, யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாக வாங்கும். சில, யூனி-அசிஸ்டில் விபிடி என்ற முன்சரிபார்ப்பு ஆவணம் வாங்கிவந்து தங்கள் தளத்தில் ஏற்றச் சொல்லும், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இந்த வகை. யூனி-அசிஸ்டுக்கு ஒரு செமஸ்டரில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஐந்து இடம் என்றால் 195 யூரோ.

யூனி-அசிஸ்ட் உங்களுக்கு இடம் கொடுப்பதில்லை. ஆவணம் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. அதற்கே நான்கிலிருந்து ஆறு வாரம் எடுக்கும். விபிடி வாங்க வேண்டியவர்கள் இதையும் சேர்த்துக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

கடைசித் தேதி விஷயத்தில் ‘ஜூலை 15’ என்று எங்கும் போட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே படித்தவர்களுக்கு மே 31, அதைவிட முன்பும்கூட பல இடங்களில் தனித் தேதி உண்டு, அதே பக்கத்தில் கீழே சின்னதாக இருக்கும். குளிர்கால செமஸ்டர் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கும். மன்ஹைம் மட்டும் செப்டம்பர் தொடக்கத்திலேயே வகுப்பை ஆரம்பித்துவிடும், அங்கே போகிறவர்களுக்கு விசாவுக்கான நேரம் ஒரு மாதம் குறைவு.

நோக்கக் கடிதத்தில் ‘சிறுவயது முதலே கணினி மீது ஆர்வம்’ என்று தொடங்காதீர்கள். நான் இரண்டாம் முறை என் பழைய அலுவலகத்தில் நடந்த ஒன்றை எழுதினேன்: ஸ்டோர்ஸில் ஒரு எண், ஈஆர்பி என்ற நிர்வாக மென்பொருளில் ஒரு எண், இரண்டையும் ஒத்துப்பார்க்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று பேர் ராத்திரி வரை உட்கார்ந்த கதை. அதுதான் இந்தத் துறையின் பாடுபொருளே.

8. பணம்

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் இலவசம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். பல மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லைதான், செமஸ்டர் பங்களிப்பு என்று நூறிலிருந்து நானூறு யூரோவுக்குள் கட்டினால் போதும். ஆனால் பாடன்-வ்யூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மன்ஹைம் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேரும் வெளிநாட்டு முதுகலை மாணவர்களிடம் படிப்பைப் பொறுத்து செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. பழைய வீடியோக்களில் இது இருக்காது.

பெரிய தொகை பிளாக்டு அக்கவுன்ட். ஒரு வருடச் செலவை முன்கூட்டியே பூட்டிவைக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத் திறந்துவிடுவார்கள். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே இது பன்னிரண்டு லட்சத்தை நெருங்கும். எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா, கோராக்கிள் போன்ற நிறுவனங்கள் இணையத்திலேயே கணக்குத் திறந்து தருகின்றன, சேவைக் கட்டணம் தனி. அனுப்பும் வங்கியும் நடுவில் உள்ள வங்கியும் கட்டணம் பிடித்து 11,880 போய்ச் சேர்ந்தால் உறுதிக் கடிதம் வராது. ஐம்பது, நூறு யூரோ கூடவே அனுப்புங்கள்.

கல்விக் கடன் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: நம் வங்கிகளுக்குக் கல்லூரிக்கு நேராக ஃபீஸ் கட்டித்தான் பழக்கம். ‘ஃபீஸே இல்லாத காலேஜுக்கு எதுக்குப்பா லோன்?’ என்று மேனேஜர் என்னைக் கேட்டார், கேலியாக இல்லை, நிஜமாகவே புரியாமல். பிளாக்டு அக்கவுன்ட்டுக்குக் கடன் கொடுத்த அனுபவம் உள்ள கிளையை முதலிலேயே தேடிப்போங்கள். சொந்தப் பணத்தை அனுப்பினால், ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு டிசிஎஸ் பிடிப்பார்கள் (கம்பெனி இல்லை, வரி). வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். குறிப்பிட்ட நிதி நிறுவனங்களில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் இந்தப் பிடித்தம் இல்லை.

9. விசா

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றைக்கே விசா வேலையைத் தொடங்குங்கள். ஜெர்மன் அரசின் கன்சுலர் சர்வீசஸ் போர்ட்டலில் ஆவணங்களை ஏற்றி, பிறகு விஎஃப்எஸ் விசா விண்ணப்ப மையத்தில் கைரேகை கொடுக்க வேண்டும். கட்டணம் 75 யூரோ, ரூபாயில் கட்ட வேண்டும், விஎஃப்எஸ்ஸின் சேவைக் கட்டணம் தனி. சேர்க்கைக் கடிதம், ஏபிஎஸ், பிளாக்டு அக்கவுன்ட் உறுதிக் கடிதம், காப்பீடு, மார்க்‌ஷீட்கள், ஐஇஎல்டிஎஸ், பயோடேட்டா, நோக்கக் கடிதம், இதுதான் கட்டு. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

முன்பெல்லாம் விசா மறுத்தால் மறுபரிசீலனைக்குக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை உலகம் முழுக்க எடுத்துவிட்டார்கள். இப்போது மறுத்தால் புதிதாகப் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். முதல் தடவையே கட்டு சரியாக இருக்க வேண்டும். ‘அப்புறம் சேர்த்துக்கலாம்’ என்று எந்தக் காகிதத்தையும் விடாதீர்கள்.

காப்பீட்டில் ஒரு பொறி. விசாவுக்காக மலிவான தனியார் காப்பீடு ஒன்றை முழுப் படிப்புக்கும் எடுத்து, அதை வைத்தே பல்கலைக்கழகத்தில் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும் வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. முதல் சில வாரத்துக்குப் பயணக் காப்பீடு, சேர்ந்ததும் பொதுக் காப்பீடு என்று எடுங்கள். முப்பது வயதுக்குள் இருந்தால் மாணவர் கட்டணம் மாதம் 140, 150 யூரோ அளவில் வரும். முப்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது, செலவைத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

10. போய் இறங்கியதும்

முதல் மாதம்தான் கைக்காசு கரையும். பிளாக்டு அக்கவுன்ட் பணம் உடனே வராது. முகவரிப் பதிவு முடிந்து, ஜெர்மன் நடப்புக் கணக்குத் திறந்து, அதன் எண்ணைக் கொடுத்த பிறகுதான் முதல் 992 வரும். அதற்குள் வீட்டு அட்வான்ஸ் கேட்பார்கள், சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். ஃபாரெக்ஸ் கார்டில் 1,500 முதல் 2,000 யூரோ தனியாக எடுத்து வாருங்கள்.

வீட்டில் குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதிப் படிவம் வேண்டும், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. ‘பதிவு செய்ய முடியாது, வாடகை கம்மி’ என்று வரும் அறைகளை எடுக்காதீர்கள். பதிவு இல்லையென்றால் வங்கி இல்லை, பிளாக்டு பணமும் இல்லை. நேரில் பார்க்காத வீட்டுக்கு ஊரிலிருந்தே முன்பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை என்றால் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. 2024 மார்ச்சுக்கு முன் இது 120-ம் 240-மாக இருந்தது, பழைய கட்டுரைகளில் அதைத்தான் பார்ப்பீர்கள். முதல் செமஸ்டரில் சம்பளத்தை நம்பி வராதீர்கள். எனக்கு முதல் வேலை கிடைத்தது எட்டாவது மாதத்தில்.

கடைசியாக, வெளிநாட்டினர் அலுவலகம். நீங்கள் வந்த விசா சில மாதத்துக்குத்தான், அது முடிவதற்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அபாயின்ட்மென்ட் எளிதில் கிடைக்காது. முகவரிப் பதிவு முடிந்த அன்று மாலையே அவர்கள் தளத்தில் விண்ணப்பத்தைப் போட்டு, வரும் தானியங்கி மின்னஞ்சலை அச்சிட்டு பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். என் விசா முடிய ஒன்பது நாள் இருந்தபோது கவுன்டரில் இருந்த அம்மா முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான். தேதியைப் பார்த்தார், தலையாட்டினார், இடைக்கால அனுமதிச் சான்றை அடித்துக் கையில் கொடுத்தார்.